இலவச இணையப் படிப்புகளும் திறந்தநிலைக் கல்வியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம் என்று யாராவது சொன்னதும் வரிசையாக வரும் கேள்விகள் சில இருக்கின்றன. அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. நான் இந்தப் படிப்புகளுக்கு ஆதரவாளன்தான். ஆனால் விளம்பரத்தில் சொல்வதை எல்லாம் அப்படியே நம்புகிறவன் இல்லை.

உண்மையிலேயே இலவசமா? கடைசியில் காசு கேட்பார்களா?

பாடத்தைப் பார்ப்பது பெரும்பாலும் இலவசம். படித்ததை நிரூபிக்கத்தான் காசு. வீடியோ, வாசிப்புக் குறிப்புகள் வரை தாராளமாகத் திறந்து வைத்திருப்பார்கள். மதிப்பெண் போடும் அசைன்மென்ட், தேர்வு, சான்றிதழ் என்று வரும்போது பணம் கட்டச் சொல்லும் பக்கம் குறுக்கே வந்து நிற்கும்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. கோர்செரா, எட்எக்ஸ் என்ற இரண்டு பெரிய இணையப் படிப்புத் தளங்களும் 2012-ல் தொடங்கியபோது பாடமும் இலவசம், பயிற்சியும் இலவசம், முடித்ததற்கு ஒரு சான்றும் இலவசமாகவே கிடைத்தது. பிறகு கோர்செரா பல படிப்புகளில் மதிப்பெண்ணுள்ள பயிற்சிகளைக் கட்டணத்துக்குப் பின்னால் நகர்த்தியது. எட்எக்ஸ் 2018 கடைசியில் அதே வழிக்கு வந்தது. இலவசமாகச் சேர்ந்தவர்கள் பாடத்தைப் பார்க்கக் கால வரம்பும் வைத்தது.

சேரும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில தளங்களில் ‘இலவசமாகச் சேருங்கள்’ என்று பெரிய பொத்தான் இருக்கும். அழுத்தினால் சில நாள் சோதனைக் காலம் என்று சொல்லி கார்டு எண்ணைக் கேட்கும். உண்மையான இலவச வழி, ‘ஆடிட்’ என்ற பெயரில், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும், அல்லது இன்னொரு பக்கம் தள்ளிப் போயிருக்கும். அதைத் தேடிப் பிடிக்காமல் கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டு, அப்புறம் ரத்து செய்ய மறந்தவர்கள் நிறையப் பேர்.

இலவசப் படிப்பு, திறந்தநிலைக் கல்வி: இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பம்தான் பல ஏமாற்றங்களுக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

இலவசம் என்றால் இன்றைக்குக் காசு கேட்கவில்லை என்று மட்டுமே பொருள். நாளைக்குக் கேட்கலாம், பாடத்தையே எடுத்தும் விடலாம். திறந்தநிலை என்றால் அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு நீங்கள் என்னென்ன செய்யலாம் என்ற உரிமை எழுத்தில் இருக்கிறது. டேவிட் வைலி என்ற கல்வியாளர் இதை ஐந்து உரிமைகளாகப் பிரித்தார்: பிரதி எடுத்து வைத்துக்கொள்வது, பயன்படுத்துவது, திருத்துவது, வேறொன்றோடு கலப்பது, பிறருக்குக் கொடுப்பது. உரிமத்தில் இவை இருந்தால் நடத்துகிற நிறுவனமே மூடிப்போனாலும் உங்கள் கையில் இருக்கும் பிரதி செல்லும்.

இதைச் சட்டப்படி சாத்தியமாக்கியவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள். முதல் தொகுதி 2002 டிசம்பரில் வந்தது. பாடப் பக்கத்தின் அடியில் சிசி என்ற சிறு வட்டக் குறியும் பக்கத்தில் சில எழுத்துகளும் இருக்கும். பிஒய் என்றால் பெயரைக் குறிப்பிட்டால் போதும். என்சி என்றால் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. எஸ்ஏ என்றால் நீங்கள் மாற்றி வெளியிடுவதையும் அதே உரிமத்தில் விட வேண்டும். என்டி என்றால் மாற்றவே கூடாது. மொழிபெயர்த்து வெளியிடக்கூட முடியாது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களைத் திறந்து வைத்திருக்கும் ஓப்பன்கோர்ஸ்வேர் பிஒய்-என்சி-எஸ்ஏ உரிமத்தில் வருகிறது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் பாடநூல்களும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருபவையே. ஆனால் கோர்செரா போன்ற பெரிய மூக் தளங்களில் (மூக் என்றால் என்ன என்பது அடுத்த கேள்வியில்) இருக்கும் பெரும்பாலான படிப்புகளுக்கு ‘அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை’தான். திறந்தநிலை என்ற சொல் அவற்றின் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மூக் என்பது என்ன? எப்போது வந்தது?

‘மாசிவ் ஓப்பன் ஆன்லைன் கோர்ஸ்’ என்பதன் சுருக்கம். எத்தனை ஆயிரம் பேர் வேண்டுமானாலும் சேரலாம், முன்தகுதி கேட்பதில்லை என்ற விதியோடு இணையத்தில் நடக்கும் படிப்பு. 2008-ல் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமென்ஸும் ஸ்டீஃபன் டவுன்ஸும் நடத்திய ஒரு பாடத்தை ஒட்டித்தான் இந்தப் பெயர் பிறந்தது. கட்டணம் கட்டியவர்கள் ஏறக்குறைய 25 பேர், இணையத்தில் சும்மா சேர்ந்தவர்கள் 2,200-க்கு மேல். அந்தப் படிப்பில் மாணவர்கள் ஆளுக்கொரு பக்கத்தில் எழுதி, ஒருவரை ஒருவர் வாசித்துப் பேசிக் கற்றார்கள்.

நாம் இன்று மூக் என்று சொல்வது அதன் பங்காளி. 2011 இலையுதிர் காலத்தில் ஸ்டான்ஃபோர்டில் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் இருவரும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் திறந்துவிட, 1,60,000 பேர் வந்து சேர்ந்தார்கள். அந்தச் சூட்டில் 2012-ல் யுடாசிட்டி, கோர்செரா, எட்எக்ஸ் மூன்றும் பிறந்தன. சின்ன வீடியோ, தானாகத் திருத்தும் வினாக்கள், வாரக் கெடு என்ற அச்சு அப்போது விழுந்தது. அதற்கும் பத்தாண்டு முன்பே, 2001-ல், தன் பாடக் குறிப்புகளையும் தேர்வுத் தாள்களையும் உலகுக்கே திறந்துவிடப்போவதாக எம்ஐடி அறிவித்திருந்தது. அந்த அறிவிப்புக்கு இவ்வளவு ஆரவாரம் இல்லை. ஆனால் நீடித்து நிற்பது அதுதான்.

லட்சக்கணக்கில் சேர்கிறார்கள். ஏன் முடிப்பதில்லை?

எட்எக்ஸின் முதல் பாடமான எம்ஐடியின் மின்சுற்றுப் படிப்பில் 2012-ல் ஏறக்குறைய 1,55,000 பேர் பதிவு செய்தார்கள். தேறியவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. அதன்பிறகு நிலைமை சீராகும் என்று எதிர்பார்த்தார்கள்; சீராகவில்லை. எம்ஐடி, ஹார்வர்டு இரண்டின் எட்எக்ஸ் படிப்புகளை ஆராய்ந்து ஜஸ்டின் ரீச், ஹொசே ருய்பெரெஸ்-வாலியென்டே இருவரும் 2019-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரைப்படி, 2017-18-ல் முடித்தவர்கள் பதிவு செய்தவர்களில் 3.13 சதவீதம். பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேல் பாடத்துக்குள்ளேயே நுழையவில்லை.

இந்த எண்களை இரண்டு விதமாகப் பார்க்க வேண்டும். ஒன்று, பதிவு செய்வதற்கு ஒரு கிளிக் போதும். காசு இல்லை, நேர்முகம் இல்லை, கேட்க ஆளில்லை. ஆரம்ப சூரத்தனத்தில் பத்துப் படிப்பில் பெயர் கொடுத்துவிட்டு ஒன்றையும் தொடாதவர்களை ‘இடைநின்றவர்கள்’ என்று எண்ணுவது நியாயமில்லை. தனக்குத் தேவையான இரண்டு பாடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனவரும் அந்தக் கணக்கில்தான் வருகிறார். அவர் தோற்கவில்லை, வந்த வேலையை முடித்துக்கொண்டு போயிருக்கிறார். அதோடு, 7,157 பேரை ஒரே பாடத்தில் தேற்ற வகுப்பறை ஆசிரியர் ஒருவருக்கு ஆயுள் போதாது.

ஆனால் இந்தச் சமாதானத்தோடு நின்றுவிட முடியாது. முடிக்க வேண்டும் என்றே உட்கார்ந்தவர்களும் ஏராளமாக நடுவில் நிற்கிறார்கள். அது எந்த இடத்தில் நடக்கிறது என்று கிட்டப் போய்ப் பாருங்கள். நிரல் எழுதும் பாடத்தின் மூன்றாம் வாரம். விடையைப் பதிவேற்றுகிறீர்கள். ‘12 சோதனைகளில் 9 சரி’ என்கிறது இயந்திரம். எந்த மூன்று தவறு, ஏன் தவறு என்று சொல்வதில்லை. ஃபோரத்தில் கேட்கிறீர்கள். அங்கே அதே கேள்வி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டு, ‘எனக்கும் இதே பிரச்சினை’ என்ற நாலைந்து பதில்களோடு அநாதையாகக் கிடக்கிறது. ராத்திரி பதினொன்றரை ஆகிவிட்டது, நாளைக்கு வேலை. கணினியை மூடுகிறீர்கள். வகுப்பறையாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்து, ‘இங்கே ஒன்றைக் கூட்ட மறந்துவிட்டாய்’ என்று சொல்லியிருப்பார். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தை இலவசமாகத் தர நெடுங்காலம் எந்தத் தளத்துக்கும் வழி தெரியவில்லை.

காசு கட்டினால் முடிப்பேனா?

வாய்ப்பு கூடும். மேலே சொன்ன அதே ஆய்வில், சான்றிதழுக்குக் கட்டணம் கட்டியவர்களில் 2017-18-ல் 46 சதவீதம் பேர் முடித்திருந்தார்கள். ஆனால் காசு கட்டியதால் முடித்தார்களா, முடிக்கப்போகிறவர்கள்தான் காசு கட்டினார்களா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்.

மலிவான வழிகளும் முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றன. ‘எந்த நாளில், எங்கே உட்கார்ந்து படிப்பீர்கள்?’ என்று முதல் நாளே எழுத வைப்பது அதில் ஒன்று. இரண்டரை ஆண்டுகள், இரண்டரை லட்சம் மாணவர்கள் என்ற அளவில் சோதித்து 2020-ல் வெளியான ஆய்வில், முதல் சில வாரங்களுக்குச் சிறு பலன் இருந்தது. படிப்பை முடிக்கும் அளவுக்கு அது நீடிக்கவில்லை. என்னைக் கேட்டால், கூட ஒருவரைச் சேர்த்துக்கொள்வதைவிட நல்ல உபாயம் இல்லை. வாரம் ஒரு முறை பேசிக்கொள்ள ஒரே ஒரு ஆள் போதும்.

வசதி இல்லாதவர்களுக்கு இது கைகொடுத்ததா?

சிலருக்குக் கொடுத்தது, நிச்சயமாக. ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி பெயர்களைக் கேள்விப்பட மட்டுமே முடிந்திருந்த ஊர்களிலிருந்து பதின்ம வயதுப் பிள்ளைகள் அந்தப் பாடங்களில் முழு மதிப்பெண் எடுத்திருக்கிறார்கள். அந்தக் கதைகள் பொய்யல்ல. ஆனால் அவை விதிவிலக்குகள் என்பதும் பொய்யல்ல.

பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தன் கோர்செரா மாணவர்களிடம் 2013-ல் எடுத்த கணக்கெடுப்பில், பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஏற்கெனவே கல்லூரிப் பட்டமோ பட்டயமோ வைத்திருந்தார்கள். படிக்கத் தெரிந்தவர்களுக்கு மேலும் படிக்க ஒரு கருவி கிடைத்தது, அவ்வளவுதான். அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் யுடாசிட்டியோடு சேர்ந்து, தட்டுத்தடுமாறும் மாணவர்களுக்கும் கணிதப் பாடங்களை இந்த வழியில் நடத்திப் பார்த்தது. தேர்ச்சி மிகக் குறைவாக இருந்ததால் ஜூலையில் திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். யாருக்கு உதவி அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் ஆசிரியர் பக்கத்தில் இருப்பதும் அதிகம் தேவைப்படுகிறது. இந்த முரணை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை.

இணைய இணைப்பே இல்லாதவர்கள் தனிக் கதை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்குப்படி 2023-ல் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்தார்கள். உரிமம் திறந்திருப்பதன் அருமை இங்கே தெரியும். இலவசப் பள்ளிப் பாடங்கள் தரும் கான் அகாடமியின் பாடங்களை ஒரு சின்னக் கணினியில் நிரப்பி, இணையம் இல்லாத பள்ளிக்குள் மட்டும் ஓடவிடும் கோலிப்ரி போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. பிரதி எடுக்க உரிமை இல்லாவிட்டால் இது நடக்காது.

பாடங்களின் தரம் எப்படி?

கலவையாக இருக்கும். பெரிய பல்கலைக்கழகத்தின் பெயர் இருப்பதால் மட்டும் நன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். 2013 ஜனவரி கடைசியில் கோர்செராவில் ‘இணையக் கல்வியின் அடிப்படைகள்’ பற்றியே ஒரு பாடம் தொடங்கியது. 40,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். குழு பிரிக்க எல்லாரையும் ஒரே கூகுள் விரிதாளில் பெயர் எழுதச் சொன்னார்கள். அத்தனை பேர் ஒரே நேரத்தில் நுழைந்தால் என்ன ஆகும்? தாள் முடங்கியது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்தார். ஒரு வாரத்துக்குள் படிப்பையே நிறுத்திவிட்டார்கள். அந்தத் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான விபத்து அமைந்திருக்காது.

நல்ல பாடத்தை எப்படி அடையாளம் காண்பது? வீடியோவைவிடப் பயிற்சிகளைப் பாருங்கள். எட்எக்ஸில் 69 லட்சம் வீடியோ அமர்வுகளை அலசிய 2014 ஆய்வு, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மக்கள் சராசரியாக ஆறு நிமிடத்துக்கு மேல் நிலைப்பதில்லை என்று கண்டது. ஆகவே அழகான வீடியோவில் மயங்க வேண்டாம். வாராவாரம் கையால் செய்ய ஏதாவது இருக்கிறதா, தவறினால் ஏன் தவறு என்று விளக்கம் வருகிறதா என்பதே உரைகல். கட்டுரை எழுத வேண்டிய பாடங்களில் சக மாணவர்களே திருத்துவார்கள். எண்ணூறு சொல் எழுதி அனுப்பினால், முகம் தெரியாத மூவர் ‘நன்று’ என்று ஒரு வார்த்தை போட்டுத் தங்கள் கடமையை முடித்துக்கொள்வதும் உண்டு.

சான்றிதழுக்கு மதிப்பு இருக்கிறதா?

யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வேலையில் இருப்பவர் புதிதாக ஒன்றைக் கற்றதாகக் காட்ட உதவும். பட்டத்துக்குப் பதிலாக நீட்டினால் பெரும்பாலும் எடுபடாது.

எதிரே இருப்பவர் நம்புவது தேர்வு எப்படி நடந்தது என்பதைத்தான். இந்தியாவில் ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்பிடெல் இதில் தெளிவான வழியை எடுத்தது: பாடம் எல்லாருக்கும் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் சிறு கட்டணம் கட்டித் தேர்வு மையத்துக்கு நேரில் வந்து எழுத வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் இன்னொரு எல்லைக்குப் போனது. 2014 ஜனவரியில் கணினி அறிவியலில் முழு முதுகலைப் பட்டத்தையே இணையத்தில், மொத்தம் 7,000 டாலருக்கும் குறைவாகக் கொடுக்கத் தொடங்கியது. இலவசம் இல்லை. ஆனால் திருத்தவும் பதில் சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள், வளாகத்தில் தரும் பட்டத்தின் பெயரே இதற்கும். பிற்பாடு பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் படிக்கும் திட்டமாக அது வளர்ந்தது. இலவசமாக நடந்த பல பெரிய முயற்சிகளைவிட இது அதிகம் சாதித்தது என்பது என் கணிப்பு.

நான் படிக்கும் பாடம் திடீரென்று காணாமல் போகுமா?

போகும். 2016 ஜூன் கடைசியில் கோர்செரா தன் பழைய தளத்தை மூடியபோது, புதிய தளத்துக்கு மாறாத பல படிப்புகள் அப்படியே மறைந்தன. தளங்களின் உரிமையாளர்களும் நிரந்தரமில்லை: லாப நோக்கமற்ற அமைப்பாகத் தொடங்கிய எட்எக்ஸ் தளத்தை 2021-ல் 2யூ நிறுவனம் 80 கோடி டாலருக்கு வாங்கியது, 2024 ஜூலையில் அந்த 2யூ திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் போனது.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் சிக்கலானது. அங்கே வெளியிட்டிருந்த விரிவுரை வீடியோக்களில் சரியான எழுத்து வரிகள் இல்லை, காது கேளாதவர்களால் பின்தொடர முடியவில்லை என்று புகார் போனது. அமெரிக்க நீதித்துறை அது உண்மை என்றது. திருத்துவதற்குப் பதிலாகப் பல்கலைக்கழகம் 2017 மார்ச்சில் 20,000-க்கு மேற்பட்ட பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. பலர் புகார் கொடுத்தவர்களைத் திட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லாருக்கும் என்று பலகை மாட்டிவிட்டுச் சிலரை வாசலில் நிறுத்தியது யார்? ஆனால் நஷ்டம் எல்லாருக்கும்தான்.

ஆகவே உரிமம் அனுமதித்தால் பாடத்தைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தக் குறிப்புகளையும் விடைகளையும் தளத்துக்குள்ளேயே விட்டு வைக்காதீர்கள்.

எந்த நாட்டிலிருந்தும் படிக்கலாமா?

பெரும்பாலும். ஆனால் 2014 ஜனவரியில் அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளைக் காரணம் காட்டி, ஈரான், சூடான், கியூபா ஆகிய நாடுகளில் இருந்தவர்களுக்குக் கோர்செரா கதவை மூடியது. நிறுவனம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம் உங்களையும் தொடும்.

ஆங்கிலம் வராதவர்களுக்கு?

இதுதான் பெரிய இடைவெளி. நல்ல பாடங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. இயந்திர மொழிபெயர்ப்பில் வரும் எழுத்து வரிகள் பேச்சின் போக்கைப் பிடிக்க உதவும். கலைச்சொல் வரும் இடத்தில் தடுக்கி விழும். சூத்திரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கும் கணிதத்தில் சமாளித்துவிடலாம். சட்டம், வரலாறு என்றால் ஆளையே கவிழ்த்துவிடும். மனிதர் உட்கார்ந்து சரிபார்த்த மொழிபெயர்ப்பு வேண்டும், அதற்கு உரிமம் இடம் கொடுக்க வேண்டும். என்டி உரிமம் போட்டுவிட்டு உலகத்துக்கே கொடுத்தோம் என்று பெருமைப்படும் பல்கலைக்கழகங்கள் இதை யோசிப்பதில்லை.

செயற்கை நுண்ணறிவுதான் வந்துவிட்டதே, இனி படிப்பு எதற்கு?

மூன்றாம் வாரத்தில் இயந்திரம் ‘தவறு’ என்று மட்டும் சொல்லி நிறுத்திய அந்த இடத்தில், ஏன் தவறு என்று கேட்க இன்று ஏதோ ஒரு துணை இருக்கிறது. இது சின்ன விஷயமில்லை. கான் அகாடமி 2023-லேயே கான்மிகோ என்ற உதவியாளரைக் கொண்டுவந்தது. ஆனால் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அசைன்மென்ட்டை முழுசாக எழுதியும் கொடுத்துவிடும் என்பதால், ஆள் பார்க்காத தேர்வில் வாங்கிய சான்றிதழின் மதிப்பு இன்னும் இறங்கும்.

நான் ஆசிரியர். என் பாடங்களைத் திறந்துவிடலாமா?

விடுங்கள். ஆனால் முதலில் உங்கள் நிறுவனத்திடம் பதிப்புரிமை யாருடையது என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் பணி நேரத்தில் எழுதியது நிறுவனத்துக்குச் சொந்தம். மற்றவர்களின் படங்களையும் வரைபடங்களையும் நீக்குங்கள் அல்லது அனுமதி வாங்குங்கள். எம்ஐடியின் பாடங்களிலேயே உரிமத்துக்கு உட்படாதவை என்று தனியாகக் குறித்த பொருள்கள் இருக்கும். வணிகத் தடை வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். மாற்றத் தடை மட்டும் வேண்டாம். வீடியோவோடு அதன் எழுத்து வடிவத்தையும் போடுங்கள். பிடிஎஃப் மட்டும் கொடுக்காமல், திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். அந்தக் கோப்பு இல்லாமல் மாற்றும் உரிமையைக் கொடுத்தும் பயனில்லை, அடுத்த ஆசிரியர் எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும்.